‘வாங்கு’ என்றால் இரண்டு அர்த்தம்

சென்ற மாதம் எங்கள் சபைக்கு ஒரு கருவி வந்து சேர்ந்தது. மேடையில் பிரசங்கியார் ஆங்கிலத்தில் பேசப் பேச, அவர் தலைக்கு மேலிருக்கும் திரையில் தமிழ் தானாக முளைக்கும். முதல் நாள் வந்தவர் கைகளை விரித்து, கண்களை மூடி, “ஆர் யூ சேவ்ட்?” என்று உருகினார். நீங்கள் இரட்சிக்கப்பட்டீர்களா என்று கேட்கிறார். திரை ஒரு கணம் யோசித்துவிட்டு, “நீங்கள் சேமிக்கப்பட்டீர்களா?” என்றது. சபை திகைத்தது. வங்கியில் வேலை பார்க்கும் ஒரு சகோதரி மட்டும் “ஆமென்” என்றார்.

கூட்டம் முடிந்ததும் அந்தக் கருவியை இயக்கும் ஷீபா என்னிடம் வந்தாள். “அங்கிள், நீங்க மேடையில நின்னு மொழிபெயர்த்த காலத்துல இப்படிச் சொதப்பல்லாம் நடந்திருக்காது இல்ல?”

“இது சேமிப்புக் கணக்கோட போச்சு. என் காலத்துல ஜனங்க கையில பையோட வந்துட்டாங்க.”

“பையா? எதுக்கு?”

அதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது. ஓய்வு பெற்றது நானல்ல, என் தொண்டை. பல வருடம் அந்நிய தேசத்துப் பிரசங்கிகளின் இடிமுழக்கத்தை இரண்டாவது தடவை இடித்துக் காட்டியதில் அதில் ஏதோ முடிச்சு விழுந்துவிட்டது. மருத்துவர் பேச்சைக் குறைக்கச் சொன்னார். ஆகவே எழுதுகிறேன், எழுத்துக்கு மைக் வேண்டாம்.

பயிற்சி என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஆங்கில இலக்கியம் படித்தேன். வசன கவிதை எழுதினேன். அதை எழுதியவர்களே வாசித்தார்கள். தாம்பரம் ரயில் நிலையத்துக்குப் பின்புறம் ஒரு சிறு ஊழிய அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர் தேவை என்றார்கள். போனேன். இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. என்னை வேலைக்கு எடுத்தவர் போதகர் ஞானமுத்து ஐயா.

ஐயா போதகராவதற்கு முன் மின்சார ரயிலில் கார்டாக இருந்தவர். உடம்பு ஓய்வு பெற்றதே தவிர, கார்டு ஓய்வு பெறவில்லை. கூட்டத்தின் கடைசியில், இருட்டும் வெளிச்சமும் சந்திக்கிற இடத்தில், கையில் சிவப்பும் பச்சையும் காட்டும் தன் பழைய விளக்கோடு நிற்பார். பச்சை என்றால் பேசலாம். சிவப்பு என்றால் முடித்துக்கொள்ள வேண்டும். விஷயம் தெரியாத பிரசங்கிகள் சிலர் தூரத்துச் சிவப்பைக் கண்டு கடவுளிடமிருந்து அடையாளம் கிடைத்தது என்று இன்னும் அரைமணி நேரம் கூடுதலாகப் பேசியிருக்கிறார்கள்.

எனக்கு அவர் விதித்த சட்டங்கள் இவை. பிரசங்கியாருக்கு அரை அடி பின்னால் நில். அவர் நடந்தால் நட, குதித்தால் மட்டும் குதிக்காதே. அவர் கை எவ்வளவு உயர்ந்ததோ அதற்கு ஒரு சாண் கீழே உன் கை. அவர் அழுதால் நீ அழாதே. இரண்டு பேரும் அழுதால் தமிழ் யார் சொல்வது? ஜெபத்தில் ஒரு கண்ணை மட்டும் மூடு. பொழிச்சலூர் கூட்டத்தில் இன்னொரு சட்டம் சேர்ந்தது. அங்கே தலைக்கு மேல் விமானம் இறங்கும். “வானத்திலிருந்து பெரும் சத்தத்தோடு அவர் வருவார்” என்று நான் சொல்லி வாய் மூடவில்லை. கூரை அதிர ஒன்று வந்தது. முன்வரிசையில் இரண்டு பேர் முழங்காலில் விழுந்தார்கள். அன்றிலிருந்து, “விமானம் போனப்புறம் வருகையைப் பத்திப் பேசுங்க தம்பி.”

ஐயாவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் யாரிடமும் எதையும் சும்மா வாங்கமாட்டார். ரயிலில் இருந்த காலத்திலேயே யார் கையாலும் ஓசி டீ குடிக்காதவர் என்று பெயர். யாராவது வீட்டில் காபி கொடுத்தால், அடுத்த வாரம் அந்த வீட்டுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் போய்விடும். இதில் அவருக்கு ஒரு நிமிர்வு இருந்தது. முதுகெலும்பே அதனால் செய்யப்பட்டது போல நடப்பார்.

இனி கீழ்க்கட்டளைக் கூட்டம்.

வீட்டுக்கு வீடு இலவசத் தொலைக்காட்சிப் பெட்டி வந்துகொண்டிருந்த காலம் அது. இலவசம் என்ற சொல்லுக்கு அப்போது கண்ணாடித் திரையும் ரிமோட்டும் இருந்தன. பேச வந்தவர் பிரதர் வால்டர். வெயிலில் வேகவைத்த நண்டின் நிறம், குழந்தையின் சிரிப்பு. அன்றைய தலைப்பு, இரட்சிப்பு என்பது கடவுளின் ஈவு. வேனில் போகும்போதே ஐயா ஆரம்பித்துவிட்டார்.

“ஈவுன்னா எவனுக்குத் தம்பி புரியும்? ஈவு இரக்கம்னு நெனச்சுப்பான்.”

“அழகான வார்த்தை ஐயா. உச்சரிச்சாலே உள்ளங்கை விரியுது.”

“உங்க கவிதைய வீட்ல வெச்சுக்கோங்க. இலவசப் பரிசுன்னு சொல்லுங்க. முன்னால வந்து வாங்கிக்கோங்கன்னு சொல்லுங்க. ஜனங்களுக்குப் புரியணும்.”

புரிந்தது. அந்தச் சாயங்காலம் புரிந்ததுபோல் என் வாழ்நாளில் எதுவும் யாருக்கும் புரிந்ததில்லை. “இன்றைக்கு உங்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் இலவசப் பரிசு காத்திருக்கிறது! முன்னால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்!” என்றேன். ஏரிக் காற்று ஒலிபெருக்கியின் குரலைத் தூக்கிக்கொண்டு நாலு தெருவுக்கு ஓடியது. வீடுகள் கதவைத் திறந்தன. பைகள் வந்தன. ரேஷன் கார்டுகள் வந்தன. ஓர் அம்மா கைபேசியில் தங்கையிடம், “சீக்கிரம் வாடி, அல்லேலூயாகாரங்க இன்னாமோ குடுக்கறாங்க, கார்டு எடுத்தா” என்று கத்தினாள். வால்டர் கண்களில் நீர். இப்படியோர் அறுவடையை அவர் எந்தக் கண்டத்திலும் பார்த்ததில்லை. தூரத்தில் ஐயாவின் விளக்கு சிவப்பு, பச்சை, மறுபடி சிவப்பு என்று தவித்தது.

மேடையருகே வந்த ஒருவர் கேட்டார். “சார், குடும்பத்துக்கு ஒண்ணா, ஆளுக்கு ஒண்ணா?”

வால்டர் என்னைப் பார்த்தார். என்ன கேட்கிறார்? நான் கேட்டதைக் கேட்டபடி ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. எவ்வளவு ஆழமான கேள்வி! குடும்பத்துக்காக ஒருவர் பெற்றுக்கொள்ள முடியாது, ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பெற வேண்டும் என்றார்.

மொழிபெயர்ப்பாளனின் கடமை, சொன்னதைச் சொல்வது. “ஆளுக்கு ஒண்ணு” என்றேன்.

கைதட்டல் அடங்க நெடுநேரமாயிற்று. பிறகு உண்மை மெல்ல மெல்லப் பரவியது. டிவியும் இல்லை, கேஸ் அடுப்பும் இல்லை. பாவமன்னிப்பு. “பேஜாரா போச்சுபா” என்று பைகளை மடித்துக்கொண்டு கலைந்தார்கள். வேனில் ஏறும்போது ஐயா சொன்னது இதுதான். “வார்த்தை சரிதான். ஜனங்கதான் கொஞ்சம் அதிகமாப் புரிஞ்சுக்கிட்டாங்க.”

ஒருத்தி மட்டும் போகவில்லை. அஞ்சலை. கடலோரக் குப்பத்திலிருந்து மீன் எடுத்துக் கீழ்க்கட்டளைச் சந்தையில் விற்கிறவள். காலியான அலுமினியக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“எல்லாம் பூட்டானுங்க. நான் கேட்டுட்டே போறேன். அந்த இலவசம் இன்னா தம்பி?”

சொன்னேன். நாம் செய்த தவறையெல்லாம் கடவுள் மன்னித்து நம்மைச் சேர்த்துக்கொள்வது. அதற்கு விலை இல்லை.

“எந்தத் தப்பா இருந்தாலுமா?”

“எதுவா இருந்தாலும் அக்கா.”

கூடையை இறக்கி வைத்தாள். “என் வூட்டுக்காரு ஒரு நாளும் என் பேச்சக் கேட்டதில்ல. குடிக்காதன்னா குடிப்பான். தூங்குன்னா பாடுவான். ஒருநா காலைல சண்ட. படகு தள்ளிக்கினு இருந்தான். போ, போய்த் தொல, திரும்பி வராதன்னு கத்துனேன்.” கொஞ்ச நேரம் ஏரிப் பக்கம் பார்த்தாள். “அன்னிக்குத்தான் தம்பி மொதத் தபா என் பேச்சக் கேட்டான்.”

சிரிப்பதா என்று தெரியாமல் என் முகம் நடுவழியில் நின்றது. அவளும் சிரிப்பதுபோல்தான் இருந்தாள். கண்கள் மட்டும் அதில் சேரவில்லை.

“இத்தினி வருசமா அந்த வார்த்த என் தொண்டைல முள்ளு மாதிரி நிக்குது. உன் சாமி அத எடுப்பாருன்னா, சரி. வெல இன்னா?”

“விலை இல்ல. நீங்க வாங்கிக்க வேண்டியதுதான்.”

“வெலயே இல்லாம எப்டி வாங்கறது? நான் மார்க்கெட்ல ஒக்காந்துகினு கீறவ. சும்மா குடுக்கற மீனு கெட்டுப்போனதா இருக்கும், செவுளு செவப்பா இருக்காது.”

அப்போதுதான் என் காதில் விழுந்தது. கடையில் வாங்குவதும் ‘வாங்கு’தான், தந்ததைக் கைநீட்டி வாங்குவதும் ‘வாங்கு’தான். நாங்கள் இரண்டாவதைச் சொல்லிக்கொண்டிருந்தோம்; அவள் வாழ்நாள் முழுதும் முதலாவதில் இருந்தாள். ஒரே சொல்லின் இரண்டு கரைகள். நடுவில் அவள் புருஷன் போன கடல்.

அடுத்த வாரம் அஞ்சலை தாம்பரம் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். ஐயாவின் மேசைமேல், வேதபுத்தகத்துக்குப் பக்கத்தில், ஒரு முழு வஞ்சிரம்.

“இது மொதத் தவண” என்றாள்.

ஐயா எழுந்து நின்றார். “அம்மா, இது விற்பனைக்கு இல்ல.”

“மீனா?”

“இரட்சிப்பு!”

“அப்ப நீ வித்துறு. நான் வாங்கிக்கறேன்.”

அவள் போன பிறகு ஐயா என்னைப் பார்த்தார். “தம்பி, இதக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க.” குடுத்துட்டு வாங்க! தமிழ் என்னைக் கேலி செய்ய ஆரம்பித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டே கிளம்பினேன்.

வாராவாரம் அது நடந்தது. அவள் மீன் கொண்டுவருவாள். நான் மீனைத் திருப்பிக் கொண்டுபோவேன். கீழ்க்கட்டளைப் பேருந்தில் என்னைச் சுற்றி எப்போதும் இடம் இருந்தது. “ஏன் சார், இந்த மீனுக்கு பாஸ் எடுத்துறலாமே, வாராவாரம் வருது” என்றார் நடத்துனர். சந்தையில் அஞ்சலைக்குப் பக்கத்துக் கடைக்காரி ராணி, என் தலையைக் கண்டதும் ஆரம்பிப்பாள்.

“இன்னாடி அஞ்சல, அந்தப் பார்ட்டில சேந்துட்டியா?”

“இல்லடி. இன்னும் வெல பேசிக்கினு கீறேன்.”

ஆனால் விளையாட்டின் அடியில் அவள் இளைத்துக்கொண்டிருந்தாள். அதை நான் பார்த்தேன். மீன் திரும்பி வரும் ஒவ்வொரு தடவையும், வார்த்தை இன்னும் தொண்டையில்தான் இருக்கிறது என்று அவளுக்குச் சேதி போனது. ஒருநாள் நான் நீட்டிய பையை அவள் வாங்கவில்லை.

“தம்பி, உன் பாஸ்டரு நான் ஆசயா குடுத்தா ஒரு கிளாஸ் மோரு கூடக் குடிக்கறதில்ல. குடிச்சா காசு வெச்சிட்டுப் போறாரு. ஒரு மீன சும்மா வாங்க அவருக்குத் தெம்பு இல்ல. நான் மட்டும் அவ்ளோ பெரிய மன்னிப்பச் சும்மா வாங்கணுமா? போய்க் கேளு அவர.”

போய்க் கேட்டேன். கார்டு விளக்கின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த ஐயாவின் கை நின்றது. பிறகு மீண்டும் துடைத்தார். சிவப்பைத் துடைத்து, பச்சையைத் துடைத்து, மறுபடி சிவப்பைத் துடைத்தார். இத்தனை வருடம் மற்றவர்களை ஏறச் சொல்லிக் கொடியசைத்தவருக்கு, மன்னிப்பு என்ற அந்த வண்டியில் தான் ஏறியதே இல்லையோ என்று தோன்றியிருக்க வேண்டும்.

மறுநாள் காலை, “தம்பி, கீழ்க்கட்டளை போகணும்” என்றார்.

சந்தை அப்போதுதான் விழித்துக்கொண்டிருந்தது. அஞ்சலை மீன்மேல் தண்ணீர் தெளித்துவிட்டு, அன்றைய முதல் வியாபாரத்துக்காக, அந்தப் போணிக்காக, கூட்டத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஐயா போய் எதிரில் நின்றார். வேட்டி நுனி சேற்றில் பட்டது; அவர் கவனிக்கவில்லை.

“அஞ்சலம்மா, எனக்கு ஒரு மீன் வேணும்.”

“எட்த்துக்கோ பாஸ்டரே. எது வேணும்?”

“காசு தரமாட்டேன்.”

அஞ்சலை நிமிர்ந்தாள்.

“பதிலுக்கு எதுவும் தரமாட்டேன். உனக்காக ஜெபம் பண்றேன்னுகூடச் சொல்லமாட்டேன். சும்மா வேணும்.”

ராணி தலையில் கை வைத்தாள். “போணி ஆவறதுக்கு முன்னாலயா? ஏ பாஸ்டரு, இன்னிக்கு அவ வியாபாரம் வௌங்குமா?”

மீன்காரிகளுக்கு அதைவிடப் பெரிய அபசகுனம் கிடையாது. முதல் கை வெறுங்கையாக இருந்தால் அன்றைக்கு முழுவதும் வெறுங்கைதான் என்று நம்புகிறவர்கள். அஞ்சலை ஐயாவின் முகத்தையே பார்த்தாள்.

“இது என் கணக்குல சேருமா?”

“சேராது.”

“இதக் குடுத்தா எனக்கு மன்னிப்பு கெடைக்குமா?”

“இதுக்காகக் கிடைக்காது.”

“அப்ப எதுக்குக் குடுக்கணும்?”

“எதுக்கும் இல்லம்மா. எனக்கு வேணும். கேக்கறேன்.”

சந்தை இரைச்சல் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டதுபோல் இருந்தது. அஞ்சலை கூடைக்குள் கைவிட்டுத் துழாவினாள். இருந்ததிலேயே நல்ல வஞ்சிரத்தை எடுத்தாள். கட்டைவிரலால் செவுளைத் தூக்கிக் காட்டினாள். “பாத்துக்கோ. செவப்பு.” பையில் போடாமல், அப்படியே வழுக்க வழுக்க, அவர் இரண்டு கையிலும் வைத்தாள்.

ஐயாவின் வலது கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

“கைய எடு!”

“பழக்கம் அம்மா.”

உடனே “தோத்திரம்” என்று நன்றி சொல்ல ஆரம்பித்தார்.

“அதுவும் வேணாம். சும்மா நில்லு.”

நின்றார். என் முப்பதுகளில் நான் பார்த்த மிகக் கடினமான வேலை அதுதான். யாருக்கும் எதுவும் பாக்கி வைக்காத மனிதர் ஒருவர், நடுச்சந்தையில், ஒரு மீனைப் பச்சைக் குழந்தைபோல் ஏந்திக்கொண்டு, திருப்பித் தர ஒன்றுமில்லாமல் நிற்பது. காதுமடல் சிவந்தது. மூக்கு சிவந்தது. மீனிலிருந்து சொட்டிய தண்ணீர் அவர் செருப்பில் விழுந்தது; கண்ணிலிருந்து சொட்டியதும் அங்கேயே விழுந்தது.

“கஷ்டமா கீதா?” என்றாள் அஞ்சலை, மெதுவாக.

“உயிர் போகுதும்மா.”

“எனக்கும் அப்டித்தான் கீது. இத்தினி நாளா.”

பிறகு அவள் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டாள். செதில் ஒட்டிய இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து நீட்டினாள். ஐயாவை நோக்கியும் அல்ல, என்னை நோக்கியும் அல்ல. கொஞ்சம் மேலே, ஓலைக் கீற்றின் ஓட்டைவழி வெளிச்சம் விழுந்த பக்கமாக.

“சரி. நான் வாங்கிக்கறேன்” என்றாள்.

சொல் புரண்டது. மீன் திருப்பிப் போட்டதும் வெள்ளை வயிறு தெரியுமே, அப்படி. அங்கே எனக்கு வேலையே இல்லை. மொழிபெயர்க்க ஒன்றும் மீதமில்லை.

“இன்னாடி, வெல படிஞ்சிதா?” என்றாள் ராணி.

“வெலயே இல்லடி” என்றாள் அஞ்சலை. சொல்லிவிட்டு, கூடைக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்து, வெகுநேரம் அழுதாள். அன்றைக்கு அவளுக்கு வியாபாரம் எப்படி என்று பிறகு ராணியிடம் கேட்டேன். “சுமாருதான். ஆனா அவ சிரிச்சிக்கினே வித்தா, அதான் பேஜாரு” என்றாள்.

ஞானஸ்நானத்துக்கு எங்களிடம் ஓடு பதித்த ஒரு தொட்டி இருந்தது. அஞ்சலை எட்டிப் பார்த்துவிட்டு, “இதுலயா? மாடு குளிப்பாட்டற மாதிரி கீது. கடலு வெச்சுக்கினு தொட்டில எதுக்கு?” என்றாள். எந்தக் கடல் தன் புருஷனை வைத்துக்கொண்டதோ அந்தக் கடலில்தான் இறங்குவேன் என்றாள். ஐயாவோ தண்டவாளத்தில் வாழ்ந்தவர், முழங்காலுக்குமேல் தண்ணீரைக் கண்டதில்லை.

மறுபடி ஊருக்கு வந்திருந்த வால்டரும் கால்சட்டையை மடித்துவிட்டுக் கரையில் என்னோடு நின்றார். இடுப்பளவு தண்ணீரில் ஐயா அஞ்சலையின் தலையில் கை வைத்து, வாய் திறந்து, கடலுக்கு முதுகைக் காட்டினார். அலை வந்தது. அலை போனபோது அஞ்சலை இருந்தாள், ஐயா இல்லை. அவள் நிதானமாகக் குனிந்து, சட்டைக் காலரைப் பிடித்து, அவரை மேலே தூக்கினாள்.

“பாஸ்டரே, அலைக்கு முதுகு காட்டக் கூடாது. மொதல்ல மூச்சு வுடு. அப்பால மந்திரம் சொல்லு.”

யார் யாருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள் என்று வால்டர் கேட்டார். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. பிறகு ஐயா மூச்சு வாங்கி (பாருங்கள், மூச்சையும் வாங்கத்தான் வேண்டியிருக்கிறது), சொல்ல வேண்டியதைச் சொல்லி, அவளை முழுக்கி எடுத்தார். அவள் எழுந்தாள். முகத்துத் தண்ணீரை வழித்துவிட்டுக் கரைக்குத் திரும்பாமல், ஆழத்தைப் பார்த்துக் கத்தினாள்.

“யோவ்! போய்த் தொலன்னு சொன்னத வாபஸ் வாங்கிக்கறேன்யா!”

குப்பத்துப் பெண்கள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். வால்டர் என் தோளைத் தட்டி, என்ன சொன்னாள் என்றார். ஆங்கிலத்தில் சொன்னேன். சரியாகத்தான் சொன்னேன். அவர் மரியாதையாகத் தலையாட்டினார். என் ஆங்கிலத்தில் மீன் இல்லை, செவுள் இல்லை, சந்தையில் சிவந்த காதுமடல் இல்லை. ‘வாங்கு’வும் இல்லை.

இதையெல்லாம் ஷீபாவிடம் சொல்லி முடித்தபோது, அவள் கருவியை எடுத்தாள். “இது என்ன சொல்லுதுன்னு பாப்போம் அங்கிள்” என்று அஞ்சலை கடலைப் பார்த்துக் கத்திய வார்த்தையைத் தமிழில் தட்டினாள். திரை யோசித்தது. பிறகு ஆங்கிலத்தில், சொன்னதை நான் விலை கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதியது.

“சே, மறுபடியும் தப்பு” என்று அழிக்கப் போனாள்.

அடகு வைத்த நகையை யாரோ ஒருவர் விலை கொடுத்துத் திரும்ப வாங்கித் தருவதற்குத் தமிழில் மீட்பது என்று பெயர். எங்கள் மேடைகளில் இரட்சிப்புக்கு அடுத்தபடியாக நான் அதிகம் சொன்ன வார்த்தை அதுதான். மீட்பு.

“இருக்கட்டும் விடும்மா” என்றேன். “அழிக்காத.”